விடை யாருக்கு உரியது? – இணையச் செயலிகளில் பயனர்வாரிச் சேமிப்பு

முன்னுரை

வங்கிக் கணக்கைப் பார்ப்பது, நூலகத்தில் இரவல் பெற்ற நூல்களின் தவணையை நீட்டிப்பது, பிள்ளைகளின் பள்ளி அறிக்கையைப் படிப்பது ஆகிய பணிகளை இன்று நாம் இணையச் செயலிகளின் வழியே செய்கிறோம். ஒவ்வொரு முறையும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து உள்நுழைகிறோம். உள்நுழைந்தபின் திரையில் தோன்றுவது நமக்கே உரியது என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கை கடவுச்சொல்லை மட்டும் பொறுத்ததன்று. ஒருமுறை கண்டறிந்த விடையைச் செயலி எவ்வாறு சேமித்து வைக்கிறது, பின்னர் அதனை யாருக்கு எடுத்துத் தருகிறது என்பதையும் பொறுத்தது.

அந்தச் சேமிப்பு முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது கணினித் துறையினர் அன்றாடம் கையாளும் பொருள். எனினும் இதன் நடுவே இருப்பது மொழியியல் நன்கறிந்த ஒரு சிக்கலாகும். 'நான்', 'என்', 'இன்று' முதலிய சொற்கள் பேசுபவரையும் பேசும் காலத்தையும் சார்ந்தே பொருள் தருகின்றன. பூட்டிய கதவில் 'நாளை வருகிறேன்' என்ற சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது எனக் கொள்வோம். எழுதியவர் பெயரும் எழுதிய நாளும் இல்லையெனில், அதனைப் படிப்பவர் யாரை, என்று எதிர்பார்ப்பது? கணினி சேமித்து வைக்கும் விடையும் இத்தகைய ஒரு சீட்டே. அது யாருக்காகச் சொல்லப்பட்டது, எதுவரை செல்லும் என்னும் இரண்டு குறிப்புகளும் அதனுடன் இருத்தல் வேண்டும்.

சேமிப்பதன் தேவை

ஒரு நிரல் பல சிறு பணிப் பகுதிகளால் ஆனது. நிரலர்கள் 'மெத்தட்' என்று வழங்கும் அப்பகுதியை இங்குச் செயற்கூறு என்போம். உள்ளீட்டைப் பெற்று, ஒரு வேலையைச் செய்து, விடையைத் திருப்பித் தருவது அதன் இயல்பு. 12ஐயும் 15ஐயும் தந்தால் பெருக்கி 180 என்று விடை தரும் செயற்கூறு மிக எளியது. ஆனால் இணையச் செயலிகளில் உள்ள செயற்கூறுகள் பெரும்பாலும் தொலைவில் உள்ள தரவுத்தளத்தை நாடுபவை. பல அட்டவணைகளை இணைத்து ஒரு பட்டியலை உருவாக்க நூற்றுக்கணக்கான மில்லிநொடிகள் செல்லக்கூடும். அதே விடை நினைவகத்தில் முன்னமே இருக்குமாயின், அதை எடுக்க ஒரு மில்லிநொடியே போதும். பல வேளைகளில் அதுகூடத் தேவைப்படாது.

ஆகவே ஒருமுறை கண்ட விடையை நினைவில் வைத்துக்கொண்டு, அதே கேள்வி மீண்டும் வரும்போது கணக்கிடாமல் எடுத்துத் தருவது இயல்பான சிக்கன வழியாகும். எடின்பரோவில் பணியாற்றிய டொனால்ட் மிக்கி என்னும் ஆய்வாளர் 1968ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் இக்கருத்தை 'மெமோ' செயற்கூறு என்னும் பெயரால் விளக்கினார். இணையம் பெருகியபின் இதற்கெனவே தனி மென்பொருள்கள் தோன்றின. பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003இல் உருவாக்கிய 'மெம்கேஷ்டு', சால்வதோரே சான்ஃபிலிப்போ 2009இல் வெளியிட்ட 'ரெடிஸ்' ஆகிய இரண்டும் பரவலாக அறியப்பட்டவை.

இச்சேமிப்பை ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பர். மறைத்து வைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல் அது. தமிழில் 'பதுக்ககம்' என்றும் 'தற்காலிகச் சேமிப்பு' என்றும் வழங்குகின்றனர். பதுக்கல் என்பது கள்ளச் சந்தையை நினைவூட்டுவதாலும், இச்சேமிப்பு நிலையானதன்று என்பதை உணர்த்த வேண்டியிருப்பதாலும், நாம் தற்காலிகச் சேமிப்பு என்பதையே இங்கு மேற்கொள்கிறோம்.

திறவுகோலின் இலக்கணம்

சேமித்த விடையை மீண்டும் கண்டெடுக்க ஓர் அடையாளம் வேண்டும். அதுவே திறவுகோல். பெருக்கும் செயற்கூறுக்கு 'பெருக்கு, 12, 15' என்பது திறவுகோலாகப் போதும். யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும் 180 மாறாது.

இங்கே அடிப்படை விதி ஒன்று உள்ளது: விடை எவற்றையெல்லாம் சார்ந்து மாறுமோ அவையெல்லாம் திறவுகோலில் இடம்பெற வேண்டும். ஒன்று விடுபட்டாலும் இரண்டு வேறு கேள்விகள் ஒரே கேள்வியாகத் தோன்றிவிடும்.

பெரும்பாலான நிரல் கருவிகள் திறவுகோலைத் தாமே அமைத்துத் தருகின்றன. ஜாவா மொழியில் எழுதுவோர் பெரிதும் பயன்படுத்தும் 'ஸ்பிரிங்' சட்டகம், 2011ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 3.1ஆம் பதிப்பில் இவ்வசதியைச் சேர்த்தது. செயற்கூறின் தலைப்பில் ஒரு சிறு குறிப்பை இட்டால் போதும். அதன் விடை தானே சேமிக்கப்படும். வேறு கட்டளை தராதவரை, செயற்கூறுக்கு வெளிப்படையாகத் தரப்படும் உள்ளீடுகளைக் கொண்டே திறவுகோல் அமையும். உள்ளீடே இல்லாத செயற்கூறாயின், அழைப்பவர் எவராயினும் ஒரே திறவுகோல்தான். இவ்வசதி எளிமையானது, எளிமையாலேயே இதன் ஓட்டை கண்ணில் படுவதில்லை.

தோன்றா எழுவாய்

ஒரு நூலகத்தின் இணையச் செயலியை எண்ணிப் பார்ப்போம். அதில் 'என் நூல்கள்' என்றொரு செயற்கூறு உள்ளது. உள்நுழைந்த உறுப்பினர் இரவல் பெற்ற நூல்களின் பட்டியலைத் தருவது அதன் வேலை. அதற்கு வெளிப்படையான உள்ளீடு எதுவும் இல்லை. அப்படியாயின், உறுப்பினர் யார் என்பது அதற்கு எவ்வாறு தெரிகிறது?

இணைய நெறிமுறை ஒவ்வொரு வேண்டுகோளையும் புதியதாகவே கருதும் இயல்புடையது. முன்பு வந்தவர் யார் என்பதை அது நினைவில் கொள்ளாது. இக்குறையை நீக்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி 'குக்கி' என்னும் உத்தியை வகுத்தார். நாம் உள்நுழைந்ததும் செயலி நம் உலாவியிடம் ஒரு குறிச்சீட்டைத் தருகிறது. அதன்பின் ஒவ்வொரு வேண்டுகோளுடனும் அச்சீட்டு திரும்பி வருகிறது. செயலி அதைக்கொண்டு பயனரை அறிந்து, 'இப்போதைய பயனர்' என்னும் பொது இடத்தில் குறித்து வைக்கிறது. எந்தச் செயற்கூறும் தேவைப்படும்போது அவ்விடத்தை எட்டிப் பார்த்துக்கொள்ளும்.

பயனர் என்னும் உள்ளீடு உண்மையில் இருக்கிறது; ஆனால் வெளியே தெரிவதில்லை. தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று பயில்கிறோம் அல்லவா, அதனை இது ஒத்தது. 'வந்தேன்' என்ற தொடரில் எழுவாய் இல்லை. ஆயினும் 'ஏன்' என்னும் விகுதி, பேசுபவரே வந்தவர் என்று காட்டிவிடுகிறது. மலையாளத்தில் வினைமுற்று இவ்வாறு இடம் காட்டுவதில்லை. 'வந்நு' என்ற வினையைத் தனியே கேட்டால் வந்தவர் யார் என்பதை உரையாடற் சூழலே உணர்த்த வேண்டும். 'என் நூல்கள்' என்னும் செயற்கூறு இவ்விரண்டனுள் பின்னதைப் போன்றது. சூழல் உள்ளவரை அது சரியான விடையைத் தரும். தற்காலிகச் சேமிப்போ விடையைச் சூழலிலிருந்து பிரித்து எடுத்து வைப்பது. எழுவாயைக் காட்டும் விகுதியும் இல்லை, சூழலும் இல்லை என்றால் அவ்விடை யாருடையது என்பதை அறிய வழியில்லை.

இதன் விளைவு என்ன? காலையில் முதலில் உள்நுழையும் உறுப்பினரின் பட்டியல் 'என் நூல்கள்' என்ற ஒரே திறவுகோலின்கீழ்ச் சேமிக்கப்படும். அடுத்து வருவோர் அனைவருக்கும் அதே பட்டியல் காட்டப்படும். அந்த முதல் உறுப்பினர் புற்றுநோய் மருத்துவம் பற்றியோ மணமுறிவுச் சட்டம் பற்றியோ நூல்களைப் பெற்றிருக்கலாம். தம் குடும்பத்தாருக்கே அவர் சொல்லாத செய்தியை முன்பின் அறியாதவர் படித்துவிடுவார். கடவுச்சொல்லை எவரும் திருடவில்லை. செயலிக்குள் எவரும் அத்துமீறி நுழையவுமில்லை. செயலி தானே எடுத்துக் கொடுத்துவிட்டது.

நடந்த இரண்டு நிகழ்வுகள்

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கணினி விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' இணையக் கடையில் சில பயனர்கள் பிறருடைய கணக்குப் பக்கங்களைத் தம் திரையில் கண்டனர். அன்று அக்கடை பெருந்திரளான பொய் வேண்டுகோள்களால் தாக்கப்பட்டது. அச்சுமையைத் தாங்குவதற்காகச் சேமிப்பு விதிகள் மாற்றப்பட்டன. புதிய விதியில் இருந்த பிழையால், உள்நுழைந்தவர்களுக்கென உருவான பக்கங்கள் பொதுச் சேமிப்பில் தங்கிப் பிறருக்குச் சென்றன. ஏறத்தாழ 34,000 பயனர்களின் பக்கங்கள் இவ்வாறு வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று அதனை நடத்தும் வால்வ் நிறுவனம் அறிவித்தது. முகவரி, மின்னஞ்சல், வாங்கிய பொருள்களின் வரலாறு முதலியன சில பக்கங்களில் இருந்தன.

இரண்டாவது நிகழ்வு 2023ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் நடந்தது. சாட்ஜிபிடி சேவையில் சிலர் பிறருடைய உரையாடல் தலைப்புகளைக் கண்டமையால் சேவை நிறுத்தி வைக்கப்பட்டது. இங்குப் பிழை திறவுகோலில் இல்லை. ரெடிஸ் சேமிப்புடன் தொடர்பு கொள்ளும் நிரல்தொகுப்பில் இருந்தது. ஒருவருக்காக அனுப்பிய வேண்டுகோள் விடை வருமுன் கைவிடப்பட்டால், அவ்விடை இணைப்பிலேயே தங்கி, அடுத்து அதே இணைப்பைப் பயன்படுத்தியவரிடம் சென்று சேர்ந்தது. குறிப்பிட்ட ஒன்பது மணி நேரத்தில் சேவையைப் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரர்களுள் 1.2 விழுக்காட்டினரின் கட்டண விவரங்கள் சிலவும் வெளிப்பட்டிருக்கக்கூடும் என ஓப்பன்ஏஐ நிறுவனம் தெரிவித்தது.

முதல் நிகழ்வு, சேமிக்கும்போது உரியவரைக் குறிக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது நிகழ்வு, எடுத்துக் கொடுக்கும்போதும் உரியவரைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. திறவுகோலில் மட்டுமன்றிச் சேமித்த விடையின் உள்ளேயும் பயனர் எண்ணைப் பொறித்து வைத்து, தரும் முன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல காவலாகும்.

பயனரைக் குறிக்கும் வகை

திறவுகோலில் பயனரைச் சேர்ப்பது என முடிவு செய்தபின், எதைக்கொண்டு குறிப்பது என்ற வினா எழுகிறது. பெயரைக்கொண்டு குறிப்பது பொருந்தாது. ஒரே நூலகத்தில் லட்சுமி என்ற பெயருடையோர் பலர் இருப்பர். ஒருவரே லட்சுமி என்றும் இலட்சுமி என்றும் எழுதுவதும் உண்டு. தமிழ் எழுத்துருக் குறியீட்டில் இன்னொரு நுட்பமும் உள்ளது. 'பொன்னி' என்ற பெயரின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாலும் பதியலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாலும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. எனவே எக்காலத்தும் மாறாத, ஒருவருக்கே உரிய உறுப்பினர் எண்ணைக்கொண்டு குறிப்பதே முறை.

உறுப்புகளைச் சேர்த்து எழுதும்போதும் கவனம் தேவை. உறுப்பினர் 1, பிரிவு 23 என்பதை இடைவெளியின்றி எழுதினால் 123 ஆகும். உறுப்பினர் 12, பிரிவு 3 என்பதும் 123 ஆகும். வேங்கை என்ற சொல் மரத்தையும் புலியையும் குறித்து நிற்பதோடு, வேம் கை எனப் பிரிந்து வேகின்ற கை என்றும் பொருள் தருவதை இலக்கண நூலார் பொதுமொழி என்பர். கவிதையில் அது நயம்; திறவுகோலில் அது கேடு. உறுப்புகளுக்கிடையே தெளிவான பிரிப்புக்குறி இருத்தல் வேண்டும்.

மொழியும் திறவுகோலின் உறுப்பே. சிங்கப்பூரில் ஆட்சிமொழிகள் நான்கு. பல மொழிகளில் பக்கங்களை வழங்கும் செயலி, சேமிக்கும்போது மொழியைக் குறிக்கத் தவறினால், தமிழில் கேட்டவருக்கு முன்னவர் கேட்ட ஆங்கிலப் பக்கமே வந்து நிற்கும். தமிழ்ப் பக்கம் எழுதப்பட்டிருந்தும் படிப்போர் கையில் அது சேராது.

உள்நுழையாமல் பார்வையிடுவோரையும் கருத வேண்டும். அவர்களுக்குப் பயனர் எண் இல்லை. எண் இல்லாத இடத்தை வெற்றிடமாக விட்டால், அவ்வெற்றிடமே அனைவருக்கும் பொதுவான திறவுகோலாகிவிடும். உறுப்பினருக்குரிய விடையை, உறுப்பினர் யாரென அறியாத நிலையில் சேமிக்காமலே விடுவதுதான் பாதுகாப்பு.

நான், நாங்கள், நாம்

எல்லாவற்றையும் பயனர்வாரியாகவே சேமித்துவிட்டால் இடர் இல்லையே என்று தோன்றலாம். அதற்கு விலை உண்டு. ஒரு விடை 20 கிலோபைட் அளவினது என்றால், 10,000 பயனர்களுக்கு 200 மெகாபைட் நினைவகம் வேண்டும். பொதுவான விடையாயின் 20 கிலோபைட்டே போதும். மேலும் ஒருவர் தம் பட்டியலை நாளில் ஒருமுறை மட்டுமே பார்ப்பார் எனில், அதைச் சேமித்ததால் எவருக்கும் பயனில்லை.

இவ்விடத்தில் தமிழின் தன்மைப் பெயர்கள் நமக்கு நல்ல வகைப்பாட்டைத் தருகின்றன. கேட்பவரை உளப்படுத்துவது 'நாம்'. கேட்பவரை நீக்கிப் பேசுவோர் தரப்பை மட்டும் குறிப்பது 'நாங்கள்'. மலாய் மொழியும் 'கித்தா', 'காமி' என இவ்வேறுபாட்டைப் போற்றுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

நூலகச் செயலியில் புதிய நூல்களின் பட்டியல், திறப்பு நேரம் ஆகியவை 'நாம்' வகையின. ஒரே படியை அனைவருக்கும் தரலாம். நூலகப் பணியாளர்கள் மட்டும் காணும் கொள்முதல் பட்டியல் 'நாங்கள்' வகையினது. அங்குத் திறவுகோலில் பணிநிலையைக் குறித்தால் போதும். இரவல் பட்டியலும் தண்டத் தொகையும் 'நான்' வகையின. அவற்றுக்குப் பயனர் எண் கட்டாயம். ஒரு பக்கத்தில் மூன்றும் கலந்திருக்குமாயின், பக்கத்தை முழுமையாகச் சேமிக்காமல் பகுதி பகுதியாகப் பிரித்துச் சேமிக்க வேண்டும்.

'நான்' வகை விடைகளுக்கு இன்னொரு சிக்கன வழியும் உண்டு. ஒரே வேண்டுகோளை நிறைவேற்றும்போது 'என் நூல்கள்' செயற்கூறு ஐந்தாறு முறை அழைக்கப்படலாம். அந்த வேண்டுகோள் முடியும்வரை மட்டும் விடையை வைத்திருந்து, முடிந்ததும் அழித்துவிடலாம். ஒரு வேண்டுகோள் ஒருவருக்கே உரியதாகையால், விடை பிறரிடம் செல்ல இடமில்லை.

காலமும் வழியும்

கதவில் ஒட்டிய சீட்டில் பெயரோடு நாளும் வேண்டும் என்றோம். உறுப்பினர் ஒரு நூலைத் திருப்பித் தந்ததும் பழைய பட்டியல் பொய்யாகிவிடும். எனவே மாற்றம் நிகழும் செயற்கூறே சேமித்த விடையை நீக்க வேண்டும். அத்துடன் சில நிமிடங்களில் தானே காலாவதியாகும் கெடுவும் இருத்தல் நன்று. ஒருவரின் பணிநிலை மாறும்போதும், அவர் வெளியேறும்போதும் அவருக்குரியவற்றை அகற்ற வேண்டும். பணியிலிருந்து விலகியவர் பழைய உரிமையுடன் கொள்முதல் பட்டியலைக் காண்பது இத்தகைய கவனக்குறைவால் நேர்வதே.

விடை செயலியை விட்டுப் புறப்பட்ட பின்னும் வழியில் உள்ள இடைநிலைக் கணினிகள் அதனைச் சேமிக்கக்கூடும். 2022இல் புதுப்பிக்கப்பட்ட இணையச் சேமிப்பு நெறிமுறை இதற்கு வழி வகுத்துள்ளது. பதிலின் தலைப்பகுதியில் 'பிரைவேட்' என்று குறித்தால், பொதுச் சேமிப்புகள் அதனை வைத்துக்கொள்ளலாகாது. பயனரின் உலாவி மட்டும் வைத்துக்கொள்ளலாம். குக்கியுடன் வந்த வேண்டுகோள் என்பதனாலேயே பொதுச் சேமிப்பு விலகி நிற்கும் என்று எண்ணக்கூடாது. குறிப்பை வெளிப்படையாகத் தருதல் வேண்டும்.

ஒருவர் சோதித்தால் தெரியாத பிழை

இப்பிழை பலகாலம் மறைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. நிரலர் தம் கணினியில் தாம் ஒருவராகவே உள்நுழைந்து சோதிக்கிறார். பேசுபவர் ஒருவரே ஆகும்போது 'நான்' என்பது யாரைக் குறிக்கிறது என்ற ஐயம் எழுவதில்லை. இரண்டாமவர் வரும்போதே பிழை வெளிப்படும். ஆகவே இரண்டு வேறு பயனர்கள் அடுத்தடுத்து உள்நுழைந்து அதே பக்கத்தைக் கேட்டு, விடைகள் வேறுபடுகின்றனவா எனப் பார்க்கும் சோதனை இன்றியமையாதது. இருவரும் ஒரே நேரத்தில் கேட்கும் சோதனையும் வேண்டும்.

முடிவுரை

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரின் சட்டம் 2012ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. தம்மிடம் உள்ள தனிநபர் தரவைக் காக்கும் கடமையை இரண்டும் நிறுவனங்கள்மீது சுமத்துகின்றன. விரைவுக்காகச் செய்த ஏற்பாட்டால் அக்கடமை தவறக்கூடாது. நம் சங்கங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் தத்தம் உறுப்பினர்களுக்கென இணையச் செயலிகளை அமைத்துவரும் காலம் இது. அவற்றைச் செய்வித்துப் பொறுப்பேற்போர் நிரல் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. செய்து தருவோரிடம் மூன்று வினாக்களைக் கேட்டால் போதும்: இவ்விடை அனைவருக்கும் ஒன்றா, ஒரு குழுவினருக்கு ஒன்றா, ஒவ்வொருவருக்கும் வேறா? வேறு எனில், சேமிக்கும்போது உரியவர் குறிக்கப்பட்டுள்ளாரா? இரண்டு பயனர்களை வைத்துச் சோதித்தீர்களா?

பயனராகிய நமக்கும் கடமை உண்டு. நம் திரையில் பிறர் பெயரோ கணக்கோ தோன்றுமாயின், அதனைப் படம் எடுத்துப் பலருக்கு அனுப்புதல் தகாது. மேலும் எதையும் சொடுக்காமல் வெளியேறி, நடந்ததைச் சேவையை நடத்துவோருக்கு உடனே அறிவிக்க வேண்டும். நாம் பிறருடைய பக்கத்தைக் காணும் அதே வேளையில், நம்முடைய பக்கமும் எங்கோ ஒருவர் திரையில் இருக்கக்கூடும்.